நிற்கிற சிப்பும் படுக்கிற சிப்பும்

போன வாரம் பிரபு போன் செய்தான். எங்கள் கடையில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது சென்னையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். "அக்கா, ஒரு கஸ்டமர் உயிரை எடுக்குறாரு. புது சாக்கெட் வந்திருக்கே, அதுக்குப் போகலாமா, இல்ல பழைய சாக்கெட்லயே நல்ல ப்ராசஸரா பாத்துப் போட்டுக்கலாமான்னு தினமும் கேக்குறாரு. நீங்கல்லாம் அந்தக் காலத்துல எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் சர்வீஸ் முழுக்க நூற்றுக்கணக்கான பெட்டிகளை மாட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட காரணத்துக்காக ஒருவர்கூட சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும், "அக்கா, இதை எழுதுங்களேன். இப்ப இருக்கிற பசங்க படிக்கட்டும்" என்றான். எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் வேலை கற்றுக்கொள்ள முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே மதர்போர்டு என்று ஒரு பெரிய அட்டை இருக்கும். எல்லாக் கணக்கையும் போடுகிற ப்ராசஸர் என்கிற சிப் அதில் ஓரிடத்தில் உட்காரும். அந்த இருக்கைதான் சாக்கெட். ஒரு வகை இருக்கைக்குச் செய்த சிப் இன்னொரு வகையில் உட்காராது. தட்டினாலும் உட்காராது, அழுத்தினாலும் உட்காராது. தட்டிப் பார்த்தவர்களையும் அழுத்திப் பார்த்தவர்களையும் எனக்கு நேரிலேயே தெரியும்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம், டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த ஓர் இன்ஸ்டிட்யூட்டில் கொஞ்ச காலம் என்று குப்பை கொட்டிவிட்டு, காதர் பாய் கடைக்கு வந்து சேர்ந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. அதற்கு முன்பு அது பம்புசெட் கடை. வெளிநாட்டுச் சாமான் தாராளமாக உள்ளே வர ஆரம்பித்த காலத்தில் பாய் பாதிக் கடையைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கினார். மீதிப் பாதியில் பம்புசெட் அப்படியே இருந்தது. மோட்டார் வாங்க வந்தவர்கள் மானிட்டரைப் பார்த்து வாய் பிளப்பார்கள். மானிட்டர் வாங்க வந்தவர்கள் மோட்டாரில் இடித்துக்கொள்வார்கள்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததற்கு என் படிப்பு காரணமில்லை. அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கேக்குறாங்க. ஆம்பளைங்க எல்லாம் துபாய், சவூதி. வீட்டுல பொம்பளைங்க மட்டும்தான். நம்ம பையனை அனுப்பிச்சா வாசல்லயே நிக்க வெச்சு, சாமானை வெளிய தூக்கிட்டு வந்து குடுக்குறாங்க. வாசல்ல வெச்சு எப்படி மாட்டறது? நீங்க போனீங்கன்னா நேரா உள் ரூமுக்கே போயிடலாம்."

உள் ரூம் வரைக்கும் போனேன். அந்த ஊர்களில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தோளில் ஒரு துண்டு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்திருப்பாரே தவிர ஒரு ஸ்க்ரூவையும் அவர் கழற்ற மாட்டார், சுட்டிக்காட்டத்தான் பயன்படுத்துவார். எந்தப் பொருளையும் அதன் சொந்தக்காரர் முன்னால் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லக் கூடாது என்பது கடைச் சட்டம். 'கொஞ்சம் அசதியா இருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். மின்னல் தாக்கிக் கருகிப்போன மோடத்தைக்கூட நான் அசதி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. எந்தக் கம்ப்ளெயிண்ட் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என்ன ஆச்சு?' என்பது இல்லை. 'யார் அனுப்புனது?' என்பது. எங்கள் பக்கத்தில் பாதிச் சாமான் கடையில் வாங்கியது இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது லீவில் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பியது. "சாமானை அப்புறம் பாருங்க தங்கச்சி. அனுப்புன ஆளை முதல்ல பாருங்க" என்பார். ஆரம்பத்தில் இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மல்டிமீட்டரை எங்கே வைத்து அனுப்பிய ஆளைப் பார்ப்பது?

சாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அப்போது சிப்பில் இரண்டு சாதி புழக்கத்தில் இருந்தது. ஒன்று கறுப்பு டப்பாவுக்குள் அடைத்து, மதர்போர்டில் இருக்கிற நீளமான பள்ளத்தில் செங்குத்தாகச் செருகுவது. அதற்கு ஸ்லாட் என்று பெயர். இன்னொன்று சப்பையாக, அடியில் நூற்றுக்கணக்கான ஊசிக் கால்களோடு, சதுரமான சாக்கெட்டில் படுப்பது. நாங்கள் கடையில் சுருக்கமாக நிற்கிறது, படுக்கிறது என்போம். கம்பெனிக்காரர்களே சில காலம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் படுக்கவைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு ரைஸ்மில் முதலாளி. படுக்கிற சிப்பிலேயே ஒரு கம்பெனியுடையதற்கு முந்நூற்றெழுபது கால், போட்டிக் கம்பெனியுடையதற்கு நானூற்று அறுபத்திரண்டு கால். இரண்டையும் மேசையில் வைத்து, இது இதற்கு நல்லது, அது அதற்கு நல்லது என்று நான் மூச்சுப் பிடித்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒரே ரேட்டுன்னா எவனாச்சும் காலு கம்மியானதை எடுப்பானா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவருடைய சம்பந்தி, தன் மகளுக்குச் சீராகக் கொடுக்கும் கம்ப்யூட்டரில் நிற்கிற சிப்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படுத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்பது அவர் வாதம். பெட்டியை மூடிய பிறகு எதுவும் வெளியே தெரியாது என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்ல?" என்றார்.

இப்படியே சிரித்துக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பேன். கமலாம்பாள் வீட்டுக் கேஸ் மட்டும் வரவில்லை என்றால்.

கமலாம்பாள் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் புது ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்துத் தானே நின்று விவசாயம் பார்த்தவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். பெரியவர் ராஜேந்திரன் சிங்கப்பூரில், சின்னவர் பாஸ்கர் துபாயில். அப்பாவின் கருமாதி முடிந்து நிலத்தைப் பிரித்தபோது மேல வயல் பெரியவருக்கு, கீழ வயல் சின்னவருக்கு என்று ஆனது. மேல வயல் வழியாகத்தான் கீழ வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும். நடுவில் இருக்கிற மடையைத் திறக்கிற உரிமை யாருக்கு என்பதில் சண்டை. இருவரும் பிறந்ததிலிருந்து அந்த மடையில் கை வைத்ததில்லை. ஒருவர் சிங்கப்பூருக்கும் இன்னொருவர் துபாய்க்கும் போன பிறகும் ஒரத்தநாட்டு மடைக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"சண்டையே வேணாம்னு மடையைப் பேத்துட்டு சிமெண்டுக் குழாய் பதிச்சுட்டேன்மா. திறக்கவும் வேணாம், அடைக்கவும் வேணாம். இப்ப குழாய் யாரு பக்கம் சாஞ்சு இருக்குன்னு அதுக்கு ஒரு சண்டை" என்று கமலாம்பாள் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் முதல்முறை போனபோது கூடத்துக் கட்டிலில் ஒரு போர்வையை விரித்து, அதன் மேல் சாமான்களைப் பரப்பிவைத்திருந்தார். மானிட்டர், கேபினெட், கீபோர்டு எல்லாம் எங்கள் கடையிலிருந்து போனவை. மதர்போர்டு மட்டும் சிங்கப்பூரிலிருந்து பெரியவர் அனுப்பியது. வந்த ஆளின் பையில் தைல பாட்டில் உடைந்து, போர்டு முழுக்கத் தலைவலித் தைல வாசனை. ப்ராசஸர் துபாயிலிருந்து சின்னவர் அனுப்பியது. அது ஒரு சென்ட் பாட்டிலோடு பயணம் செய்திருந்தது. அம்மாவோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. ஒருவரையொருவர் கேட்காமல் ஆளுக்கொரு சாமான் வாங்கிவிட்டார்கள். வேறு எந்த ஊரிலாவது அண்ணன் பாதிக் கம்ப்யூட்டரும் தம்பி மீதிக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாமலே வாங்கி அனுப்புவார்களா என்று எனக்குத் தெரியாது.

போர்டைப் புரட்டிப் பார்த்தேன். நீளப் பள்ளம். நிற்கிற சிப்புக்கான போர்டு. ப்ராசஸரைப் பார்த்தேன். படுக்கிற சாதி.

"என்னம்மா, ஒருமாதிரி முழிக்கிறே?" என்றார் கமலாம்பாள்.

"ரெண்டும் சேராதும்மா. பெரியவர் அனுப்புனது நிக்கிற சிப்புக்கான போர்டு. சின்னவர் அனுப்புனது படுக்கிற சிப்பு. ஒண்ணு, இந்த போர்டுக்கு வேற சிப் வாங்கணும். இல்லைன்னா, இந்த சிப்புக்கு வேற போர்டு வாங்கணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியவன் போர்டை மாத்துனா, 'நான் அனுப்புனதைத் தூக்கிப் போட்டுட்டியா'ம்பான். சின்னவன் சிப்பை மாத்துனா, 'அண்ணன்தான் உனக்கு ஒசத்தி'ம்பான். ரெண்டுல எது நல்லதுன்னு நீ சொல்றே?"

"நல்லது கெட்டதுன்னு இல்லம்மா..."

"நான் கண்ணை மூடுனா ரெண்டு பேரும் ஒரே நாள்ல வருவாங்களான்னு எனக்கே தெரியல. அவன் வந்தா இவன் வர மாட்டான், இவன் வந்தா அவன் வர மாட்டான். இந்தப் பொட்டியிலயாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும். ஒருத்தனை உள்ள வெச்சுட்டு ஒருத்தனை வெளிய நிறுத்துறதுக்கு எனக்குக் கம்ப்யூட்டரே வேணாம்மா."

சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தைல நெடியும் ஒரு காரணம்.

கடைக்கு வந்து சொன்னேன். பாய் வழக்கம்போல், "யார் அனுப்புனது?" என்றார். இருவரையும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேச ஆரம்பித்தார். கடைசியில் ஒரு சாமான் கிடைத்தது. ஒரு பக்கம் படுக்கிற சிப்புக்கான சாக்கெட், கீழ்ப் பக்கம் ஸ்லாட்டில் செருகுகிற மாதிரி, கரண்ட் பாய்கிற, தங்க முலாம் பூசிய பற்கள். சிப்பை இந்த அட்டையில் படுக்கவைத்து, அட்டையைக் கொண்டுபோய்ப் போர்டில் நிற்கவைத்துவிடலாம். படுத்தபடியே நிற்கும். இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எந்த ஊர்க்காரனுக்குத் தோன்றியதோ, அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

அந்த அட்டையைப் பாய் ஓர் அல்வா டப்பாவில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு அவரே ஒரத்தநாட்டுக்கு வந்தார். அவர் ஒரு வீட்டுக்கு நேரில் வந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கமலாம்பாள் எமகண்டம் முடியட்டும் என்றார். பாய், "தாராளமா முடியட்டும்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்து நெல் விலை பேச ஆரம்பித்தார்.

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் அட்டையில் இருக்கிற ஜம்பர் என்கிற குட்டிச் செருகிகளை வைத்து வோல்டேஜ் சரிபார்க்க வேண்டும். தப்பானால் சிப் அசதியாகிவிடும், கடைசி அசதி. பிறகு சாக்கெட்டின் ஓரத்திலுள்ள கம்பியை நிமிர்த்த வேண்டும். சிப்பின் வெட்டுப்பட்ட மூலையைச் சாக்கெட்டின் அதே மூலைக்கு நேராகப் பிடித்து, விட வேண்டும். வைக்கக் கூடாது, விட வேண்டும். தன் எடையிலேயே இறங்கினால்தான் சரி. கம்பியை மடக்கிய பிறகு சிப்பின் முதுகில் வெள்ளைப் பசை கொஞ்சம். அதற்கு மேல் ஃபேன் வைத்த அலுமினியக் கட்டி. அதன் கிளிப்பை மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டு கிழியும்.

நான் பசை வைப்பதைக் கமலாம்பாள் எட்டிப் பார்த்தார். "விபூதி மாதிரி இருக்கே. பூசிட்டியா? நல்லது நல்லது" என்றார். நான் தலையாட்டிவிட்டு ஃபேனை மாட்டி முடித்து, பசைக் கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வந்து அட்டையை எடுத்துப் போர்டின் பள்ளத்தில் செருகினேன். இரண்டு பக்கமும் தாங்குகிற கைகளில் பொருத்தினேன். ஒயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. சத்தமும் இல்லை.

கழற்றினேன், மாட்டினேன். மெமரியை மாற்றினேன். ஜம்பரை மறுபடி பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. பாய் நெல் விலையிலிருந்து உர விலைக்குப் போயிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூர் போன். இன்றைக்கு மாட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் இருவருக்குமே தெரியும்.

"ஓடலையாம்பா... ஆமா, ரெண்டையும் சேத்துத்தான்... என்னது? தம்பி வாங்குனது தப்பா? ஏன்னு அவன்கிட்ட கேக்கணுமா? சரி, கேக்குறேன்" என்று வைத்தார் கமலாம்பாள்.

சற்று நேரத்தில் துபாய் போன். "ஆமாய்யா, ஓடல. அண்ணன் போர்டு பழசா? அவனுக்கு அதுகூடத் தெரியலையா? சரி, சொல்றேன்."

அதுவரை அந்த வீட்டில் வழக்கம் அதுதான். அண்ணன் சொல்வதைத் தம்பிக்கும், தம்பி சொல்வதை அண்ணனுக்கும் அம்மா கொண்டுபோய்க் கொடுப்பார். கல்யாணத்துக்குப் போனாயா, காய்ச்சல் விட்டதா, எல்லாம் ஒரத்தநாடு வழியாகத்தான். மறுபடி சிங்கப்பூர் போன் வந்தது. ராஜேந்திரன் கத்தியது நின்ற இடத்திலிருந்தே எனக்குக் கேட்டது. ஸ்லாட், சாக்கெட், வோல்டேஜ், பஸ் ஸ்பீடு என்று என்னென்னவோ சொன்னார். தம்பியிடம் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

கமலாம்பாள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"ராஜா, இதெல்லாம் எனக்கு வாயில வரலப்பா. நான் என்னத்தக் கண்டேன்? நம்பர் தர்றேன், நீயே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிடு."

நான் மெனக்கெட்டுக் கோளாறைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கீழே, தங்கப் பற்களின் மேல், நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. சந்தனம். அதன் மேல் குங்குமம். செருகியதில் இழுபட்டிருந்தாலும் இன்னும் ஈரம் காயவில்லை.

"அம்மா, இது..."

"நான்தான் வெச்சேன். நீ கை கழுவப் போனப்ப. புதுச் சாமான் வீட்டுக்குள்ள நுழையறப்ப பொட்டு வைக்காம விடலாமா? தங்கமா இருந்துச்சு, அது லட்சுமியாச்சேன்னு அங்கேயே வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பாய் ஸ்க்ரூ டிரைவரை நீட்டி என்னை நிறுத்தினார்.

"பொட்டு வெச்சது தப்பே இல்லம்மா. இடம்தான் ஒரு விரல்கடை தள்ளி இருந்திருக்கலாம்" என்றார். "தங்கச்சி, அழிரப்பர் எடுங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கிற ரப்பர்தான். தங்கப் பற்களைச் சுத்தம் செய்ய அதற்கு ஈடு எதுவும் இல்லை. என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் துகளெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்தது. மறுபடி செருகி ஸ்விட்சைப் போட்டேன். ஒரே ஒரு 'பீப்'. திரையில் எழுத்து ஓடியது. கமலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது மறுபடி போன் அடித்தது. கமலாம்பாள் எடுத்துக் கேட்டார். வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பெரியவன் சின்னவனைக் கூப்பிட்டானாம். இவன் அவனைத் திட்டுனானாம். அரை மணி நேரம் சண்டை போட்டாங்களாம்மா! பேசிட்டாங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏம்மா, பொட்டி நல்லா ஓடுது. உடனே வந்து பாரு."

"நல்லா ஓடுதுன்னா எதுக்கும்மா வரணும்?"

"அதான் கம்ப்ளெயிண்டு. வா."

போனேன். பெட்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தனித்தனியாகத் திரையில் வந்து முகம் காட்டி, 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். அண்ணன் தம்பி மறுபடியும் பேச்சில்லை. சண்டை போடுவதற்கு விஷயமில்லை.

"கொஞ்சம் ரிப்பேர் பண்ணிட்டுப் போ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, நான் ரிப்பேரைச் சரி பண்றவ. ரிப்பேர் பண்றவ இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனசுக்குள் பொருமினேன். இத்தனை வருஷம் கற்ற தொழிலுக்கு என்ன மரியாதை? கடைக்கு வந்து பாயிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் முழுதும் கேட்டார்.

"யாரு கேக்குறது?"

"கமலாம்பாள் அம்மாதான்."

"எதுக்கு?"

"அண்ணன் தம்பி பேசிக்கணுமாம்."

"அப்ப வாரண்ட்டில வரும். போய்ட்டு வாங்க" என்று பம்புசெட் பக்கம் போய்விட்டார்.

போனேன். பெட்டியைத் திறந்து, அட்டையின் ஒரு ஓரத்தைக் கடுகளவு தூக்கிவைத்தேன். அலுமினியக் கட்டியின் கனத்துக்கு அது சாய்ந்து நின்றுகொள்ளும். பார்த்தால் தெரியாது, ஆனால் ஓடாது. அன்றைக்கே சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் தகவல் போனது. போர்டு பழசு என்றார் தம்பி. சிப்புதான் தகராறு என்றார் அண்ணன். கமலாம்பாள் இருவரிடமும் வாயில் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஏம்மா, நிஜமாவே உங்களுக்கு வாயில வரலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் வராது? சாக்கெட் த்ரீ செவன்ட்டி. ஸ்லாட் ஒன். ஜம்பர் செட்டிங்" என்று என்னைவிட அழகாகச் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து 'நல்லா ஓடுது' என்று கம்ப்ளெயிண்ட் வரும்போதெல்லாம் போய்க் கெடுத்துவிட்டு வருவேன். சண்டை போதும் என்று அவருக்குத் தோன்றியதும் கூப்பிடுவார், போய் அழுத்திவிட்டு வருவேன். இடையிடையே எனக்கு விவரம் சொல்வார். "பெரியவனுக்கு இருமல் விடவே இல்லையாம், டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மாங்கிறான் சின்னவன். நீயே சொல்லேன்டான்னேன். 'சொல்லிட்டேன்மா, திட்டிட்டேன்'ங்கிறான்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார். கடைசியில் அந்தப் பெட்டியை நேரில் வந்து பார்த்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும் என்பதில் அண்ணனும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே பொங்கலுக்கு லீவு போட்டார்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் எனக்கு அழைப்பு வந்தது. போனபோது கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரே டார்ச் வெளிச்சத்தில் குனிந்திருந்தார்கள். ஒரே மாதிரி வழுக்கை.

"இதை யாரு மாட்டுனது?" என்றார் ராஜேந்திரன்.

"நான்தாங்க."

"ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாருங்க. போர்டுல ஒரு குறையும் இல்ல."

"சிப்புலயும் ஒரு குறையும் இல்லண்ணே" என்றார் பாஸ்கர். "சரியா மாட்டத் தெரியல, அவ்ளோதான். இத்தனை தடவை வந்துட்டுப் போயிருக்காங்க, இதைக்கூடப் பாக்கலையே!"

"என்னத்தப் படிச்சாங்களோ!"

வருஷக்கணக்கில் எதிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும் எனக்கு வேலை தெரியாது என்பதில் முழுமையாக ஒத்துப்போனார்கள். நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. கதவோரம் நின்ற கமலாம்பாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். "அசதியா இருந்துருக்கும்ங்க" என்றேன்.

அவர்கள் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தாங்களே வேலையில் இறங்கினார்கள். அண்ணன் அட்டையை அழுத்திப் பிடிக்க, தம்பி பிளாஸ்டிக் டேக்கால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினார். கட்டியதற்கு மேல் இன்னொரு கட்டு. ஸ்விட்சைப் போட்டதும் ஓடியது. இருவரும் கை குலுக்கிக்கொள்ளாத குறை.

"இனிமே பூகம்பமே வந்தாலும் அசையாதும்மா" என்றார் ராஜேந்திரன். "ரிப்பேருங்கிற பேச்சே இருக்காது. நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஊருக்குப் போகலாம்."

கமலாம்பாளின் முகம் வாடிவிட்டது. அதைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். உள்ளே போனார். பெட்டியின் மூடியை எடுத்துத் தம்பி பொருத்தப் போன நேரத்தில் திரும்பி வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ்.

"இருங்கப்பா. நல்ல நாளும் அதுவுமா பொட்டு வைக்காம மூடலாமா? ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "அந்தத் தங்கம் எங்க இருக்கு? ஒரு நிமிஷம் அதைக் கழட்டி வெளிய எடு பாஸ்கரா."

பாஸ்கர் முணுமுணுத்துக்கொண்டே கட்டை அறுக்க ஆரம்பித்தார். நான் பைக்குள் கைவிட்டு, அழிரப்பர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.